முதலில் ஆட்கள், பிறகுதான் டயர்!



ஆவணி பிறந்தாலும் சரி, தை பிறந்தாலும் சரி, எங்கள் ஊர்ப் பக்கம் வேனும் காரும் வாடகைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்புதான். மதுரையில் முகூர்த்தம், திண்டுக்கல்லில் காதுகுத்து, பழனியில் முடியிறக்குதல், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் கொடைக்கானல் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பயணம் இருந்துகொண்டே இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தின நாள் நாம் என்னென்ன பார்க்கிறோம்? புளியோதரை, தண்ணீர் கேன், குழந்தைக்கு மாற்றுத்துணி, வாந்திக்கு எலுமிச்சம்பழம், தலைக்கு மல்லிகைப்பூ, இத்தனையும் பார்க்கிறோம். வண்டி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க, நமக்கு என்னடி தெரியும்?" என்று சொல்லிவிடுகிறோம்.

அந்த எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2023 செப்டம்பர் 11-ஆம் தேதி அதிகாலையில் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே நடந்ததை நீங்களும் செய்தியில் படித்திருப்பீர்கள். கர்நாடகாவுக்குச் சுற்றுலா போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன், பெங்களூரு - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் டயர் பஞ்சராகி நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி, வேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வேகமாக வந்த மினி லாரி ஒன்று, நின்றிருந்த வேன் மீது மோதியது. அந்த வேன் உருண்டு, உட்கார்ந்திருந்தவர்கள் மேலேயே ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேருமே பெண்கள்.

ஒரு பஞ்சர், ஏழு உயிர்! அவர்கள் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? வண்டி நின்றால் நாம் எல்லோருமே செய்வது இதைத்தானே? பகலில் வண்டியின் நிழலில் ஒதுங்குகிறோம். ராத்திரியில் வண்டியின் வெளிச்சத்தை விட்டு நகரப் பயப்படுகிறோம். "வண்டிகிட்டயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்றுதான் நம்மிடம் சொல்லவும் செய்கிறார்கள். நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் வண்டியின் பக்கம்தான் மிக ஆபத்தான இடம் என்று நமக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் நம் வண்டியைப் பார்த்து, "இது ஓடுகிற வண்டி இல்லை, நின்ற வண்டி" என்று புரிந்துகொண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே முப்பது நாற்பது மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்து வண்டி நிற்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வருகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சகோதரிகளே, நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டியை ஓட்டுநர் பார்க்கட்டும். ஆட்களை நாம் பார்ப்போம். ஜாக்கியும் ஸ்பேனருமாக அவர் குனிந்திருக்கும்போது, குழந்தைகளையும் பெரியவர்களையும் எங்கே நிறுத்துவது என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது? அந்தப் பொறுப்பு நம் கைக்கு வரட்டும். இதற்கு டிரைவிங் லைசென்ஸ் தேவையில்லை.

வண்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்தவுடன், "நடுரோட்டில் நிறுத்தாதீங்க, இடதுபக்கம் ஓரம் கட்டுங்க" என்று சொல்லுங்கள். பஞ்சரான டயரோடு மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பங்க்கிலோ, டீக்கடை முன்னாலோ, சர்வீஸ் ரோட்டிலோ நிறுத்தலாம். டயர் பாழாகிவிடுமே என்று கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். டயர் கடையில் கிடைக்கும்.

வண்டி நின்றதும், ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் உள்ள இண்டிகேட்டர்கள் எல்லாம் ஒன்றாக மின்னும். பிறகு எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். வலதுபக்கம் உட்கார்ந்திருப்பவரும் நகர்ந்து வந்து இடதுபக்கமே இறங்கட்டும்.

இறங்கியதும் சாலையை விட்டு நன்றாக விலகுங்கள். ஓரத்தில் இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். தடுப்பு இல்லையென்றால் சரிவில் இறங்கி, முடிந்த மட்டும் தள்ளி நில்லுங்கள். வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்கவே கூடாது. பின்னால் வருகிற வண்டி மோதினால், நம் வண்டி முன்பக்கம்தானே பாயும்? நாட்றம்பள்ளியில் நடந்தது அதுதான். அதனால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் பின்தள்ளி, சாலையை விட்டு ஒதுங்கி நிற்பதே நல்லது. நான்கு வழிச்சாலையில் நடுத்திட்டில் பூச்செடி இருக்கிறது, காற்று வருகிறது என்று அங்கே போய் உட்காராதீர்கள். இரண்டு பக்கமும் வண்டி பறக்கிற இடம் அது.

அடுத்தது எச்சரிக்கை முக்கோணம். கார் வாங்கும்போதே டிக்கியில் மடித்து வைத்துத் தருகிறார்கள். பல வீடுகளில் அது பிரிக்கப்படாமலேயே கிடக்கிறது. ஊருக்குள் என்றால் வண்டிக்குப் பின்னால் 50 மீட்டரிலும், நெடுஞ்சாலையில் குறைந்தது 100 மீட்டரிலும் அதை வைக்க வேண்டும். நம் நடைக்கு 150 அடி எடுத்து வைத்தால் ஏறக்குறைய 100 மீட்டர் வரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது வெறும் நாலரை விநாடி அவகாசம்தான். வைக்கப் போகிறவர் சாலையின் வெளி ஓரமாகவே, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி, முக்கோணத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டாக இருந்தால் கையில் செல்போன் வெளிச்சமாவது இருக்கட்டும்.

முக்கோணம் இல்லையென்றால் நம் ஊர் வழக்கப்படி கல்லையும் மரக்கிளையையும் ரோட்டில் வைக்கிறார்கள். டயர் மாற்றி முடித்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியும் விடுகிறார்கள். இருட்டில் பூ மூட்டையோடு பைக்கில் மார்க்கெட்டுக்கு வருகிறவர் அந்தக் கல்லில் மோதினால் என்ன ஆவது? நம் ஆபத்து தீர்ந்தது என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தை வைத்துவிட்டு வரலாமா? கிளம்பும் முன் "கல்லை எடுத்தாச்சா?" என்று கேட்பதையும் நம் வேலையாக வைத்துக்கொள்வோம்.

டயர் மாற்றும்போது சமதரையில் வண்டி நின்று, ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். மற்ற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுப்பது நல்லது. ஜாக்கியில் தூக்கிய வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது. "பந்து உள்ளே போயிடுச்சு" என்று பிள்ளைகள் அடியில் கையை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வத்தலக்குண்டு தாண்டினால் மலைதான். கொடைக்கானல் ஏறும்போது இன்ஜின் சூடாகிப் புகை வந்தால், உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போவார்கள். தடுத்து நிறுத்துங்கள்! விசில் அடங்காத குக்கரை நாம் திறப்போமா? அதே கதைதான் இதுவும். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்துவிடும். ஏ.சி.யையும் இன்ஜினையும் நிறுத்திவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.

இறங்கும்போது வேறு ஆபத்து. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். தீய்ந்த வாசனை வந்தால், அடுப்படியில் பழகிய நம் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். சும்மா இருக்காமல் சொல்லுங்கள். அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடட்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் இரும்பு வெடித்துவிடலாம். ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். டயர் வெடித்தாலோ பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, தானாக வேகம் குறைய விட வேண்டும். அந்த நேரத்தில் நாம் அலறி, ஓட்டுபவர் கையைப் பிடித்து இழுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

பானெட்டிலிருந்து தீயோ கரும்புகையோ வந்தால் பையைத் தேடாதீர்கள். இன்ஜினை நிறுத்தி எல்லோரும் இறங்கி நூறு அடி தள்ளிப் போங்கள். பானெட்டைத் திறந்தால் காற்றுப் பட்டுத் தீ எழும்பும், அதனால் திறக்கவே வேண்டாம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, அதை ஓட்டி வந்த பெண் மருத்துவர் ஒருவர் இறந்துபோனார். படித்தவர், கார் ஓட்டத் தெரிந்தவர்! தண்ணீர் எத்தனை ஆழம் என்று மேலே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. முன்னால் ஒரு வண்டி போகிறதே என்று நாமும் இறங்கிவிடக் கூடாது. சுற்றுவழி இருந்தால் சுற்றிப் போவோம், இல்லையென்றால் காத்திருப்போம். தப்பித் தவறிச் சிக்கிக்கொண்டால், இன்ஜின் ஓடுமா என்று பார்த்துக்கொண்டு உள்ளே உட்காராமல், பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை உடனே இறக்கி வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் பவர் விண்டோவும் வேலை செய்யாமல் போகலாம், கதவையும் திறக்க முடியாது.

"ராத்திரி நேரத்தில், பொம்பளை தனியா, இருட்டில் இறங்கி நிற்கவா சொல்றீங்க?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான பயம்தான். பெட்ரோல் பங்க்கிலோ, டோல்கேட்டிலோ, சாலையை விட்டு முழுக்க விலகிய இடத்திலோ வண்டி நிற்கிறது என்றால், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்து உதவிக்குக் கூப்பிடலாம். ஆனால் வண்டிகள் ஓடுகிற பாதையிலேயே நின்றுவிட்டால் உள்ளே இருக்கக் கூடாது. அங்கே மனிதரைவிட லாரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கூப்பிட எண்கள் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. திண்டுக்கல் - மதுரை சாலையில் கொடைரோடு டோல்கேட் வழியாகப் போகும்போது நாம் கட்டும் காசில், பழுதான வண்டியை இழுக்கும் கிரேனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ரோந்து வண்டிக்கும் பங்கு இருக்கிறது. கேட்பது நம் உரிமை. போலீஸ், தீயணைப்பு எதற்கானாலும் 112, பெண்கள் உதவிக்கு 181, அடிபட்டால் 2008-லிருந்து நம் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 108. "எங்கே நிற்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.

அடுத்தவர் அடிபட்டுக் கிடந்தாலும் தயங்க வேண்டாம். "போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்" என்ற காலம் போய்விட்டது. உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, பதிவு செய்த மருத்துவமனைகளில் இலவசம்.

அடுத்த முறை வாடகைக்கு வண்டி பேசும்போது, "கிலோமீட்டருக்கு எவ்வளவு?" என்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? ஜாக்கி இருக்கிறதா? முக்கோணம் இருக்கிறதா? பத்துப் பெண்கள் கேட்டால் பதினோராவது பெண் கேட்பதற்கு முன்பே டிரைவர் எடுத்து வைத்துவிடுவார். மகளிர் குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் இதைப் பேசுங்கள். கார் ஓட்டப் பழகும் மகளிடமும் மருமகளிடமும், டிக்கியைத் திறந்து ஒரு தடவை டயர் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் இன்றில்லாவிட்டால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. "எல்லாரும் இறங்கி அந்தப் பக்கம் வாங்க" என்று சத்தமாகச் சொல்ல, ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெண் இருக்க வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

- ஒரு வாசகி, நிலக்கோட்டை.