கடலூர்க் கால்பந்தும் நாம் கேட்கும் வினாக்களும்

2018ஆம் ஆண்டு கட்டாக் நகரில் நடைபெற்ற தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2-1 என்னும் கணக்கில் வென்று முதன்முறையாக வாகை சூடியது. அவ்வணியின் நடுக்கள ஆட்டக்காரரான இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். கடலூரில் சிறுமியர் பலருக்குக் கால்பந்து பயிற்றுவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இந்நிகழ்வைப் பாடமாக வைத்தால் தேர்வில் எதனைக் கேட்போம்? சிதம்பரத்தில் பணியாற்றியபோது இச்செய்தியை வகுப்பில் படிக்கச் செய்து, ‘இதன்வழி நீவிர் அறியும் நற்பண்பு யாது?’ என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லா விடைத்தாள்களிலும் ‘விடாமுயற்சி’ என்றிருந்தது. பிழை மாணவருடையதன்று. செய்தியைப் படிக்காமலே விடை எழுதத்தக்க வினாவை அமைத்தவன் நான்.

ஆய்வு வினா என்பது இருவர் இருவேறு முடிவுகளுக்கு வரவும், இருவரும் பனுவலிலிருந்தே சான்று காட்டவும் இடந்தருவது. ‘ஆழிப்பேரலையைக் குறிப்பிடாமல் இச்செய்தியை எழுதுதல் தகுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அத்துயரை விலக்கினால், அச்சிறுமியருக்குப் பந்து எத்தகைய பற்றுக்கோடாயிற்று என்பது விளங்காது என ஒருவர் வாதிடலாம். எட்டு வயதில் பெற்றோரை இழந்த ஒருத்தியை இருபது வயதிலும் அவ்விழப்பின் பெயராலேயே அழைப்பது அவளது ஆட்டத்திறனை மறைத்துவிடுகிறது என மற்றொருவர் மறுக்கலாம். என் சார்பு இரண்டாமவர் பக்கம். எனினும் முதலாமவரின் விடைக்கு மதிப்பெண் குறைக்க எனக்கு உரிமையில்லை.

இன்னொன்று. நாட்டிற்காக விளையாடிய இந்துமதி, 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சென்னையில் காவல் உதவி ஆய்வாளராகப் பணியில் நின்றார். இதனைப் பெருமிதத்தோடு படிக்கிறோம், படிக்கவும் வேண்டும். ஆனால், ‘இந்திய அணியின் மகளிர் கால்பந்து வீரருக்கு வேறொரு பணி ஏன் தேவைப்படுகிறது? ஆடவர் கிரிக்கெட்டோடு ஒப்பிட்டு ஆராய்க’ என்று வினவினால், அதே செய்தி வேறொரு முகம் காட்டும். ஊதியம், போட்டிகளின் எண்ணிக்கை, பார்வையாளர், குடும்பத்தின் எதிர்பார்ப்பு என மாணவர் தேடத் தொடங்குவர். ‘விடாமுயற்சி’ என்னும் ஒற்றைச் சொல் அங்கு உதவாது. அனைத்தையும் தனிமனிதப் பண்பாகச் சுருக்கிவிட்டால், விளையாட்டுத்திடலும் பயிற்சியாளரும் பேருந்துக் கட்டணமும் கதையிலிருந்து மறைந்துபோகின்றன. அவை இல்லாமல் தோற்றவர்கள் முயலாதவர்களாகிவிடுகின்றனர்.

விடைகள் பலவானால் எவ்வாறு திருத்துவது என ஆசிரியர் சிலர் அஞ்சுவர். முடிவுக்கன்றிச் சான்றுக்கு மதிப்பெண் வழங்கினால் அவ்வச்சம் பெரும்பாலும் நீங்கும். திருத்த நேரம் கூடுதலாகும் என்பது உண்மையே.

அன்றைய வகுப்பின் இறுதியில் மாணவியொருத்தி எழுந்து, “ஐயா, அவர்களோடு பயிற்சி பெற்று, எந்த அணியிலும் இடம் கிடைக்காமற்போன பெண்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டாள். செய்தியில் அதற்கு ஒருவரிகூட இல்லை. அடுத்த தேர்வில், ‘இச்செய்தி யாரைப் பற்றிப் பேசவில்லை? ஏன்?’ என்பதை முதல் வினாவாக வைத்தேன். ஒரே விடையை இருவர் எழுதவில்லை.