நேரத்தை யார் எழுதுவது?

கணினித் தமிழ் என்றதும் நம்மில் பலருக்கு எழுத்துருவும் விசைப்பலகையும்தான் நினைவுக்கு வரும். அதில் பெருமைப்பட நமக்கு நியாயமும் உண்டு. நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியது இந்த ஊரிலிருந்துதான். 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இங்கேதான். ஆனால் ஞாயிறு மாலை தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கைப்பேசியும் கையுமாக நிற்கும் தமிழ் ஊழியர்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் நாம் சற்றுத் தயங்குவோம். நம் மாணவர்கள் சில வார இறுதிகளில் செய்து முடிக்கக்கூடிய ஒரு சிறு நிரல் இருக்கிறது. வேலைக்கு வந்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறித்துவைக்கும் உரையாடல் கட்டளை அது.

வேலை நியமனச் சட்டப்படி, 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறும் உடலுழைப்பு ஊழியருக்கு வாரம் 44 மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலை மிகைநேரம். அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. எடுத்துக்காட்டாக 600 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்றால் மணிக்கு ஏறத்தாழ 3.15 வெள்ளி, மிகைநேரத்திற்கு 4.72. தினம் அரை மணி நேரம் கணக்கில் விடுபட்டால் 26 நாளில் 13 மணி நேரம், அதாவது 61 வெள்ளி. பத்தில் ஒரு பங்குச் சம்பளம்! ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இது சில்லறை அல்ல.

2016 ஏப்ரல் முதல் முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். மிகைநேர மணிக்கணக்கும் அதில் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தக் கணக்கை எழுதுவது யார்? விரல்ரேகைக் கருவி இருந்தாலும் அதன் பதிவு போய்ச்சேருவது நிறுவனத்தின் கணினிக்கு. இலங்கை மலையகத் தோட்டங்களில் செக்ரோல் என்ற பேரேடு இருந்தது. ஒரு நாள் உழைப்புக்கு ஒரு ‘பேர்’. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. உழைத்தவர் ஒருவர், பேர் போடுபவர் வேறொருவர். நூறாண்டுக்குப் பிறகும் அந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை என்பதே என் வருத்தம்.

நோட்டுப் புத்தகம் போதாதா என்று கேட்கலாம். வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், வைத்திருக்கட்டும். ஆனால் ஊதியத் தகராறு சமரசத்திற்குப் போய், அங்கும் தீராமல் 2017இல் அமைந்த வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்திற்குப் போகும்போது, அந்த நோட்டு அன்றன்றைக்கு எழுதப்பட்டதா, நேற்றிரவு உட்கார்ந்து எழுதப்பட்டதா என்ற கேள்வி வரும். உரையாடல் செய்தியில் அனுப்பிய நேரத்தை அனுப்பியவர் எழுதுவதில்லை. அதுவே முழுச் சாட்சியம் ஆகிவிடாது. ஆனாலும் வெறுங்கையைவிட மேல்.

செய்முறை எளிது. ஊழியர் டெலிகிராமில் ‘வந்தேன்’ என்று அனுப்புகிறார். செய்தி வந்தவுடன் அமேசான் லாம்டா போன்ற சேவையில் உறங்கிக்கொண்டிருக்கும் நிரல் விழித்து, ஒரு வரி எழுதி, ‘காலை 7.02, பதிந்தாயிற்று’ என்று பதில் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். இதைச் சர்வர்லெஸ் என்கிறார்கள். வழங்கி இல்லாமல் இல்லை, அதைப் பராமரிக்கும் தொல்லை நமக்கு இல்லை, அவ்வளவுதான். 200 பேர் தினம் நான்கு செய்தி அனுப்பினாலும் மாதம் 24,000. லாம்டா மாதம் பத்து லட்சம் அழைப்புகளை இலவசமாகவே தருகிறது. டெலிகிராமின் சாய்கோட்டுக் கட்டளைகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும் என்பது ஒரு குறை. சாய்கோட்டை விட்டுவிட்டு வெறும் தமிழ்ச் சொல்லை நிரல் புரிந்துகொள்ளும்படி எழுதிவிடலாம். ஊழியர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்தானே வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். அங்கே வணிகக் கணக்கு, பதிவு என்று படிகள் அதிகம். முதலில் எளிய வழியில் தொடங்குவோம்.

ஆனால் கவனக்குறைவாக எழுதினால் இதே நிரல் ஊழியரின் வயிற்றிலடிக்கும். மேகக்கணினியின் கடிகாரம் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். ஞாயிறு காலை 7 மணிக்கு அனுப்பிய ‘வந்தேன்’ அங்கே சனி இரவு 11 மணி. மாலையில் அனுப்பிய ‘முடித்தேன்’ மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் விழும். முதலாளி கேட்டு ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தவருக்கு இரண்டு நாள் சம்பளம் உண்டு. ஒரு வரி நிரலில் அது மறைந்துவிடும். அதேபோல், இணையத் தடுமாற்றத்தில் ஒரே செய்தி இரு முறை வந்தால் ஒரு முறையே பதிய வேண்டும். திருத்தம் செய்தால் பழைய வரியை அழிக்காமல் கீழே சேர்க்க வேண்டும். அழித்து எழுதிய கணக்கை எவரும் நம்பமாட்டார்.

அலுவலகங்களில் இத்தகைய கட்டளைகள் குழு உரையாடலில் எல்லோர் கண்ணிலும் படும்படி இயங்குகின்றன. இங்கே அது கூடவே கூடாது. வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கிறது. மணி எண்ணுகிறார் என்று தெரிந்தாலே வேலைக்கு ஆபத்து என்று அஞ்சுபவர்கள் உண்டு. தனி உரையாடல் மட்டும் போதும். அனுமதி எண் வேண்டாம், இருப்பிடம் வேண்டாம், நிறுவனத்தின் பெயர்கூட வேண்டாம்.

இனி ஒரு கசப்பான கேள்வி. நாம் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு? போட்டிக்காகச் செய்து, பரிசு வாங்கி, அடுத்த ஆண்டே கைவிடப்படும் செயலிகள் எத்தனை! சம்பளக் கோரிக்கையோ வேலையில் இருக்கும்போது ஓராண்டு வரை, விலகிய பின் ஆறு மாதம் வரை செல்லும். நம் தேர்வு அட்டவணைக்காக அது காத்திருக்காது. ஆகவே பதிவை நம்மிடம் மட்டும் பூட்டிவைக்கக் கூடாது. ஒவ்வொரு மாத முடிவிலும் முழுக் கணக்கையும் அவருடைய உரையாடலுக்கே அனுப்பிவிட வேண்டும். நிரல் நின்றுபோனாலும், அனுப்பிய செய்தியும் வந்த பதிலும் நேரத்தோடு அவர் கைப்பேசியில் இருக்கும். தங்குவிடுதியில் படுத்தபடியே அவர் அதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.