மேற்கோளும் உலாவிக் கருவியும்

மேற்கோள் காட்டுதல் தமிழர்க்குப் புதியதொரு வழக்கமன்று. நம் பழைய உரையாசிரியர்கள் பக்கத்துக்குப் பக்கம் பிற நூல்களினின்றும் அடிகளை எடுத்தாண்டனர். எனினும் அவ்வடி எந்நூலது, எப்பகுதியது என்று பெரும்பாலும் கூறிச் சென்றாரல்லர். கற்றோர் நூல்களை நெஞ்சிற் கொண்டிருந்த காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. பின்னாளில் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்ற முனைந்த பதிப்பாசிரியர்களோ ஒவ்வொரு மேற்கோளின் இடத்தையும் தேடி அலைய நேர்ந்தது. யாப்பருங்கல விருத்தியில் வரும் செய்யுட்கள் பலவற்றுக்கு மூலநூல் எதுவென இன்றும் விளங்கவில்லை. எடுத்த இடத்தைச் சொல்லாது விடுவதனால் விளைவது யாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் கல்லூரியை விட்டுப் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர் முதலாண்டில் எதிர்ப்படும் இடர்களுள் உசாத்துணைப் பட்டியலும் ஒன்று. ஒப்படையை எழுதி முடித்தபின், கையளிக்கவேண்டிய நாளுக்கு முன்னிரவிலேதான் பட்டியலைப் பற்றிய நினைவு வருகின்றது. அவ்வேளையிற் கைகொடுப்பன இணைய உலாவியோடு சேர்ந்து தொழிற்படும் மேற்கோட் கருவிகள். பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு முதலியவற்றைத் திரட்டி, கேட்ட பாணியில் அமைத்துத் தந்துவிடுகின்றன. இத்தகைய கருவிகள் பல உள. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதுபற்றி நம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

கருவியே கூடாது, பட்டியலைக் கையால் எழுதினாலன்றி மாணாக்கர்க்கு ஒழுக்கம் வாராது என்பர் ஆசிரியர் சிலர். அவர்தம் அக்கறையை மதிக்கின்றோம்; முடிபை ஏற்கோம். காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, எதனைச் சாய்வெழுத்தில் இடுவது என்பன கல்வியாகா. அவை காலந்தோறும் மாறுவன. அமெரிக்க உளவியற் சங்கத்தாரின் ஏ.பி.ஏ. பாணி, 2019 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில், நூல் வெளியான நகரின் பெயரையே நீக்கிவிட்டது. ஆறாம் பதிப்பை நெட்டுருப் பண்ணியவர் அதனை மறக்கவேண்டியவராயினர். ஹாவாட் பாணியோ ஒன்றன்று. விலங்கியலறிஞர் எட்வேட் லோறன்ஸ் மார்க் என்பார் 1881 இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியுள் இட்டதே அதன் தொடக்கம் என்பர். இன்று பல்கலைக்கழகந்தோறும் ஒவ்வொரு ஹாவாட் வழங்குகின்றது. சீ.எஸ்.எல். எனப்படும் திறந்த பாணித் தொகுதியிலோ 10,000 க்கு மேற்பட்ட பாணிகள் உள. இவற்றையெல்லாம் நினைவில் வைத்தல் பொறியின் தொழிலேயன்றி மனிதனின் தொழிலன்று. யார் சொன்னார், எந்நூலில், எப்பதிப்பில், எப்பக்கத்தில் என்று அறிதலே மாணாக்கனின் தொழில்.

ஆயினும் இப்பொறி எவ்வாறு அறிகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளாது அதனை நம்புதல் தவறு. நூலை அது படிப்பதில்லை. பக்கத்தின் பின்னே மறைவாக எழுதப்பட்டுள்ள விவரக்குறிப்பைப் படிக்கின்றது. அல்லது நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணையோ கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணையோ கொண்டு வேறொரு பட்டியலை வினவுகின்றது. குறிப்புச் செம்மையாக இருப்பின் விடையும் செம்மையாக வரும். பெரிய ஆய்விதழ்களின் கட்டுரைகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். குறிப்பே இல்லாத பக்கமாயின், தலைப்பை மட்டும் எடுத்து, 'வலைப்பக்கம்' என்று பெயரிட்டுக் கருவி அமைதியாகிவிடும். படமாக்கி இணையத்தில் ஏற்றப்பெற்ற பழைய தமிழ் நூல்கள் பல இக்கதிக்கே ஆளாகின்றன.

தமிழ்ப் பெயர்களிடத்து நிகழ்வது இன்னும் வேடிக்கையானது. எல்லார்க்கும் இறுதியில் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்பது இக்கருவிகளை ஆக்கியோரின் எண்ணம். ஆகவே இறுதிச் சொல்லை முன்னே தள்ளி, எஞ்சியதை முதலெழுத்தாகச் சுருக்குகின்றன. யாழ் நூலைக் கருவியிற் கொடுத்துப் பார்த்தால் 'விபுலானந்தர், சு.' என்று வரலாம். 'சுவாமி' என்னும் துறவுப் பெயரடை முதலெழுத்தாகிவிட்டது! ஆறுமுக நாவலர் 'நாவலர், ஆ.' ஆகின்றார், பட்டம் குடும்பப் பெயராகிவிடுகின்றது. தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதும் நம்மவர் வழக்கத்தினாலே பல பெயர்கள் தற்செயலாகத் தப்பிவிடுகின்றன. தம் பெயரை முன்வைத்துத் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ பின்வைப்பவர்க்கு அத்தப்புதலும் இல்லை. ஆய்வு செய்தவள் மகளாயிருக்க, பட்டியலிலே தந்தையார் ஆசிரியராக நிற்பார்.

பெயரோடு இடர் முடிந்தபாடில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அதன் அட்டையில் நூலும் உண்டு, உரையும் உண்டு, பதிப்பும் உண்டு. கருவியோ ஒருவரையே நாடுகின்றது. பதிப்பாசிரியரை நூலாசிரியராக்கிவிடுவது அதற்கு இயல்பு. உரையாசிரியர் என்னும் பதவியை இக்கருவிகள் பெரும்பாலும் அறியா. இனி, யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால் 1947 இல் வெளியிடப்பெற்றது. பின்வந்த மறுபதிப்பொன்றின் ஆண்டைக் கருவி எடுத்துக்கொள்ளுமாயின், அடிகளார் தாம் மறைந்து பல்லாண்டுகளின் பின் நூல் எழுதியவராவர்.

ஆதலின் நாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. கருவி தருவது வெறும் வரியா, பதிவா என்பதே வினா. சில கருவிகள் ஆக்கப்பட்ட வரியை மட்டும் தருகின்றன. பிழையை அவ்வரியிலேயே திருத்தி ஒட்டுகின்றோம். நாளை பாணி மாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றோம். நல்ல கருவி பெயர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வைத்து, ஒருமுறை திருத்தியதை என்றும் காக்கும். அப்பதிவுகளை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் விடும். இவ்விரண்டும் இல்லாதது எத்துணை அழகியதாயினும் நமக்கு வேண்டா.

இவ்வளவையால் நோக்குமிடத்துச் சோட்டேரோ முன்னிற்கின்றது. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையமொன்றில் 2006 இல், பயர்பொக்ஸ் உலாவியின் நீட்சியாக அது பிறந்தது. தனதாக்கிக் கொள்ளுதல் என்னும் பொருளுடைய அல்பேனியச் சொல்லினின்று அதற்குப் பெயர் வந்தது. இன்று கணினியில் ஒரு செயலியாகவும், உலாவியில் ஓர் இணைப்பியாகவும் தொழிற்படுகின்றது. விலை இல்லை; மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. கோப்புகளைச் சேமிக்க 300 மெகாபைற்று இலவசம். வெறும் நூற்குறிப்புகளுக்கு எல்லையில்லை. நமக்கு எல்லாவற்றினும் மேலானது, பெயரை இரண்டாகப் பிரியாது ஒரே கட்டத்தில் இடும் வசதி. 'ஆறுமுக நாவலர்' அங்கே ஆறுமுக நாவலராகவே இருப்பார்.

எல்லா மாணாக்கரிடத்தும் கணினி இல்லை. கைத்தொலைபேசியின் குரோம் உலாவியில் நீட்சிகள் பொருந்துவதுமில்லை. அன்னோர்க்கு, 2018 இல் சோட்டேரோவினரே அமைத்த சோட்டேரோபிப் என்னும் இணையத்தளம் உதவும். கணக்குத் திறக்கவேண்டுவதில்லை. ஆனால் பட்டியல் அவ்வுலாவியிலேயே தங்குகின்றது. உலாவியின் தரவை அழித்தால் அதுவும் அழியும். வேலை முடிந்ததும் அத்தளம் தரும் நிலைத்த இணைப்பைப் பெற்றுத் தமக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தல் நன்று. நூலகத்துப் பொதுக் கணினியில் எழுதுவோர் இதனை மறவாதிருப்பாராக.

பிறவற்றைச் சுருங்கக் கூறுவோம். மென்டெலி வசதியானதே. 2013 இல் எல்சிவியர் என்னும் வெளியீட்டு நிறுவனம் அதனை வாங்கியது. 2018 இல் பயனர் கணினியிலிருந்த தரவுத்தொகுதி மறைகுறியாக்கப்பட்டது. தனிமைக் காப்புக்காகவென நிறுவனத்தார் கூறினர். வேறு கருவிக்குப் பெயர விரும்பியோர்க்கு அது தடையாயிற்று. 2022 இல் அப்பழைய கணினிச் செயலி புதியோர்க்கு வழங்கப்படாது நின்றது. பதிவுகள் பிறர் கையில் இருக்குமாயின் காலமும் பிறர் கையிலேயே இருக்கும். ஈசிபிப், சைற்றேசன் மெசின் முதலியவற்றை 2016 இல் செக் என்னும் வணிக நிறுவனம் வாங்கியது. அவசரத்துக்கு ஒரு வரி பெற அவை போதும். நான்காண்டுப் படிப்புக்குப் போதா.

எக்கருவியாயினும், உலாவியில் ஏறும்போது நாம் காணும் பக்கங்களையெல்லாம் படிக்க இசைவு கேட்கும். சோட்டேரோவும் கேட்கின்றது, அதன் நிரலைப் பிறர் பார்த்து ஆராயலாம் என்பதே வேறுபாடு. ஆக்கியவர் யாரென்று அறியப்படாத நீட்சிக்கு அவ்விசைவைக் கொடுத்தல் அறிவுடைமையன்று. செயற்கை நுண்ணறிவிடம் உசாத்துணை கேட்போரும் இன்று பலர். 2023 இல் நியூயோர்க் நீதிமன்றமொன்றில், சட்டத்தரணிகள் அவ்வாறு பெற்ற வழக்குகளை மேற்கோளாகச் சமர்ப்பித்தனர். அவ்வழக்குகள் உலகில் இருந்ததேயில்லை. 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேற்கோட் கருவி உள்ளதைப் பிழையாக எழுதும். இதுவோ இல்லாததைப் பிழையின்றி எழுதும்.

கல்லூரி நூலகத்துக் கணினிகளிற் சோட்டேரோவை நிறுவித் தருமாறு நிருவாகத்தாரை வேண்டுகின்றோம். செலவு யாதுமில்லை. பல்கலைக்கழகங்களில் விரிவுரையாற்றும் பழைய மாணவர்கள் தவணைக்கொரு சனிக்கிழமை வந்து, உயர்தர வகுப்பினர்க்கு இரண்டு மணிநேரம் பயிற்சியளித்தால் போதும். பொத்தானை அழுத்தும் முறையைப் பின்னர்க் கற்பிக்கலாம். முதலில் நூலகத்திலுள்ள தமிழ் நூல்கள் ஐந்தை எடுத்து, அட்டையையும் உட்பக்கத்தையும் பார்த்துக் கட்டங்களைத் தாமே நிரப்பச் செய்க. இம்மலரின் கட்டுரையொன்றையும் அவ்வாறே பதியலாம். பழைய மலர்களிற் பக்க எண்ணில்லாத தாள்கள் வருமாயின் அவற்றை எங்ஙனம் குறிப்பது என்பதும் அன்றே பேசித் தீர்க்கப்படுமாக.