சாம்பாமேல் சுமத்தும் பழி

நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் சாம்பா சர்வரைப் புதுப்பித்தால், வேறோர் இடத்தைக் காட்டும் சிம்லிங்க் எல்லாம் செத்துவிடும் என்ற பேச்சு 2010 முதல் ஓயவில்லை. அந்த ஆண்டின் பாதுகாப்புப் பேட்ச் வேண்டாத வேலை என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். என்னால் ஒப்ப முடியவில்லை.

எல்லா லிங்க்கும் சாகவில்லை. ஷேருக்குள்ளேயே, அதாவது பகிர்ந்த ஃபோல்டருக்குள்ளேயே, வேறோர் இடத்தைக் காட்டும் லிங்க் முன்போலவே வேலை செய்கிறது. ஷேரைத் தாண்டி வெளியே கைகாட்டும் லிங்க்தான் நின்றது. அதற்கான 'வைடு லிங்க்ஸ்' செட்டிங் அதுவரை தானாகவே திறந்திருந்தது, 3.4.6 பதிப்பிலிருந்து மூடியிருக்கிறது.

லிங்க் வைத்தவன் நான், என் சர்வரில் எனக்கே தடையா என்கிறார்கள். காலையில் ஃபோல்டரைத் திறக்க முடியாமல் தவிப்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே சாம்பாவில் 'யூனிக்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்' வசதியும் திறந்தே இருந்தது. எழுதும் அனுமதி உள்ள எவரும் அதன்வழியே தன் கணினியில் உட்கார்ந்தபடி சர்வரில் சிம்லிங்க் உருவாக்கலாம். படிப்படியாக மேலேறி சர்வரின் ரூட் ஃபோல்டரைக் காட்டும் ஒரே ஒரு லிங்க் போதும், சர்வர் அதன் பின்னாலேயே போய்விடும். 2010 பிப்ரவரியில் வெளியான ஒரு வீடியோ இதைத்தான் செய்து காட்டியது. நிர்வாகி வைத்த லிங்க், வந்தவர் வைத்த லிங்க் என்று சாம்பா பிரித்துப் பார்க்கவில்லை.

கோப்பு அனுமதிகள் காக்காதா? ஓரளவுதான். லினக்ஸில் பயனர் பட்டியல் தொடங்கி எத்தனையோ செட்டிங் கோப்புகளை, உள்ளே லாகின் செய்த எவரும் படிக்கலாம். ஒரு ஷேரை மட்டும் பார்க்க வந்தவருக்கு நாம் அந்த லாகினையே கொடுக்கவில்லையே!

பேட்ச் உண்மையாகவே பழுது செய்த சம்பவமும் உண்டு. 2017 மார்ச் 23 அன்று வந்த சாம்பா 4.6.1, வேறொரு சிம்லிங்க் ஓட்டையை அடைக்கப்போய், 'ஃபாலோ சிம்லிங்க்ஸ்' வசதியை மூடிவைத்திருந்தவர்களைச் சிக்கலில் மாட்டியது. மார்ச் 31 அன்றே 4.6.2 வந்து அதைச் சரிசெய்தது. அந்தப் புகார் நியாயமானது. 2010க்கு அது பொருந்தாது.

வெளி ஃபோல்டர் வேண்டுமென்றால் பைண்ட் மவுன்ட் செய்யுங்கள். ஷேருக்குள் அது சாதாரண ஃபோல்டராகவே தெரியும். அதை அமைக்க சர்வரில் ரூட் உரிமை வேண்டும், ஷேரில் எழுதும் அனுமதி மட்டும் போதாது. பிடிவாதமாக லிங்க்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'அலவ் இன்செக்யூர் வைடு லிங்க்ஸ்' என்றொரு வழியையும் பின்னர் வைத்தார்கள். ஆபத்தானது என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது.