கண்டெடுத்த பொருளும் வாங்கிய பொருளும்

சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கண்காட்சிக்கென நண்பர் சிலரும் யானும் கூடி மயிலுருவம் ஒன்று சமைத்தோம். தோகைக்கு வளையல் துண்டுகள் வேண்டியிருந்தன. கடைத்தெருவிற்குச் சென்று ஆறு டஜன் கண்ணாடி வளையல்களை வாங்கிவந்து, விடுதித் திண்ணையில் வைத்து உடைத்தோம். "கழிபொருளாற் செய்தது" என்னும் சீட்டை மயிலின் காலடியில் வைத்தபோது எம்மில் ஒருவர்க்கும் நாணம் தோன்றவில்லை. திண்ணையைப் பெருக்க வந்த அம்மையார் மட்டும், "புது வளையலையா உடைத்தீர்கள், தம்பி?" என்றார். அவ்வினா இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

கண்டெடுத்த பொருள்களால் உருவமைக்கும் கலையில் கண்டெடுத்தலே முதற்றொழில் என்பது என் கருத்து. சண்டிகார் நகரத்துப் பாறைத் தோட்டத்தை ஆக்கிய நேக் சந்த் என்பாரை நோக்குக. 1924-இல் பிறந்த இவர், நாட்டுப் பிரிவினையில் தம் ஊரை இழந்து வந்தவர். சண்டிகாரில் சாலை மேற்பார்வையாளராய்ப் பணிபுரிந்தவர். அந்நகரை எழுப்பும்பொருட்டுச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளிற் கிடந்த பீங்கான் ஓடுகளையும் உடைந்த கலங்களையும் வளையல் துண்டுகளையும் வேலை ஒழிந்த பொழுதுகளிற் சைக்கிளில் ஏற்றிக்கொணர்ந்து, கட்டடம் எழுப்பத் தடைசெய்யப்பட்ட காட்டினுள் ஒருவரும் அறியாவண்ணம் பல்லாண்டுகள் சேர்த்தார். 1976-இல் அத்தோட்டம் பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. ஊரிழந்த ஒருவர் இழந்த ஊர்களின் ஓடுகளைப் பொறுக்கினார் என்பதன்றோ அதன் உயிர்! அங்குள்ள வளையல் துண்டு யாரோ ஒருத்தியின் கையில் ஒலித்தது. எங்கள் மயிலின் வளையலோ ஒருவர் கையிலும் ஏறியதில்லை.

மார்செல் துஷாம் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 1914-இல் பாரிசு நகரக் கடையொன்றிற் புட்டி உலர்த்தும் இரும்புச் சட்டத்தை வாங்கி அதனையே கலைப்பொருளாக்கினாரே எனச் சிலர் தடுப்பர். (அச்சட்டம் பின்னர்க் குப்பையோடு எறியப்பட்டது வேறு கதை.) அவர் கடைப்பொருளைக் கடைப்பொருளாகவே வைத்தார், அதனைப் பழம்பொருளாக நடிக்கச் செய்திலர். 1942-இல் பிக்காசோ பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் பொருத்தி எருதின் தலையாக்கினார். அதிலும் எருது சைக்கிளை மறைக்கவில்லை.

தேடுவார்க்கு நம் வளாகத்திற் குறைவில்லை. உணவுக்கூடத்தில் நசுங்கிய தட்டுகள் உள. ஆடுகளத்தில் நரம்பறுந்த மட்டைகள் உள. விடுதி அலுவலறையிற் சாவி தொலைந்த பூட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு மாணவன் தன் அறைவாயிலிற் கலங்கி நின்ற மாலையை அறியும். அப்பெட்டியை விடுத்துக் கடைக்கு ஓடுவானேன்? இனி வரும் கண்காட்சிகளில் ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் அதன் பொருள்கள் எங்குக் கிடைத்தன என எழுதிவைக்க வேண்டுமென்று விதித்தல் நன்று.

அம்மயிலை யான் மீண்டும் தொடங்கியுள்ளேன். இதுகாறும் கிடைத்த துண்டுகள் பதினொன்று. அவற்றுள் நான்கு, அவ்வம்மையார் தம் வீட்டு முற்றத்திற் பொறுக்கித் தந்தவை.