மூணாவது குரூப்பின் கணக்குப் புத்தகம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது, கணக்கில் தடுமாறும் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு இரண்டே வேலை. செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா எட்டு மதிப்பெண், சேர்த்தால் 16. ஒரு மார்க் கேள்விகள் 14. ஆக 30 வந்துவிட்டது. தேர்ச்சிக்கு 35 போதும். மிச்சத்தை இரண்டு மார்க் கேள்விகளில் தேற்றிக்கொள்ளலாம். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதையும் வடிவொத்த முக்கோணம் வரைவதையும் கை பழகும்வரை வரைந்து, அது எதற்கு என்று கேட்காமலே கரையேறிவிடுகிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

முடிவு வந்த கையோடு அதே பிள்ளையிடம் பள்ளி கேட்கிறது: "எந்த குரூப்?"

கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியல் சேர்ந்தால் பயோ மேத்ஸ். கணினி அறிவியல் சேர்ந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். கணிதத்தைத் தூக்கிவிட்டுத் தாவரவியலும் விலங்கியலும் வைத்தால் பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் வந்தால் மூணாவது குரூப். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து மேலிருந்து கீழாக இடம் நிரப்புகிறார்கள். பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவில் ஒரு பக்கம் மட்டும் கதவு திறந்திருக்கிறது. கணக்குப் படித்தவர் பின்னாளில் பி.காம். சேரலாம், வரலாறும் படிக்கலாம். கணக்கை விட்டவர் பி.இ.க்குத் திரும்பி வருவது நடக்காத காரியம்.

கணக்குக்கு இத்தனை கிராக்கி வந்ததற்கு நேரடிக் காரணம் கட்-ஆஃப். பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிந்தபின் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம். மொத்தம் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரு காலத்தில் அந்த நூறை எடுப்பதற்கு வழி தெளிவாகவே இருந்தது. 2018 மார்ச் வரை பிளஸ் டூ கணக்குத்தாள் 200 மதிப்பெண்ணுக்கு. அதில் நாற்பது ஒரு மார்க், பத்து ஆறு மார்க், பத்து பத்து மார்க். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் தலைகீழாக ஒப்பித்தவர்கள் சென்டம் வாங்கினார்கள். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ கணக்கை அரைத்தன. எல்லை, தொடர்ச்சி என்ற சொற்களைக் கேள்விப்படாமலே வகையீடு செய்தவர்கள் பொறியியல் முதலாண்டில் விழித்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடநூல்களும் புதிதாக எழுதப்பட்டன. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது உண்மைதான். பழைய தந்திரம் திரும்ப வருமா என்பதைச் சில பள்ளிகளின் கால அட்டவணையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

இந்த ஓட்டத்தில் யாரும் புரட்டிப் பார்க்காத ஒரு புத்தகம் இருக்கிறது. மூணாவது குரூப்பில் நான்காவது பாடமாகச் சில பள்ளிகளில் மட்டும் தரப்படும் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்'. "மேத்ஸ் வராதவங்களுக்கான மேத்ஸ்" என்று ஊரில் அதற்குப் பெயர்.

திறந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பிளஸ் ஒன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வு வருகிறது. நிலக்கரி எடுக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் எடுக்க நிலக்கரி வேண்டும். வெளிச்சந்தைக்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமென்றால் இரண்டையும் எவ்வளவு உற்பத்தி செய்வது? அணிகளை வைத்து இதற்கு விடை சொன்ன வாசிலி லியொன்டீஃப் 1973-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அடுத்து ஆண்டுத்தொகை, பங்குகள், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு. ஒரு கட்டட வேலையில் எந்தக் கட்டம் தாமதித்தால் மொத்த வேலையும் தாமதிக்கும் என்று கண்டுபிடிக்கும் முறையும் அங்கேயே இருக்கிறது.

பிளஸ் டூவில் போக்குவரத்துக் கணக்கு. மூன்று கிடங்குகள், நான்கு கடைகள்; எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை அனுப்பினால் லாரி வாடகை குறையும்? முதலில் வடமேற்கு மூலை விதி. அட்டவணையின் இடப்பக்க மேல் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கும் முறை, சுமாரான விடைதான் தரும். பிறகு மிகக் குறைந்த செலவு முறை. அதற்கும் மேலே வோகலின் முறை: ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் மிகக் குறைந்த வாடகைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, எந்த வாய்ப்பை விட்டால் நஷ்டம் அதிகமோ அதை முதலில் பிடிப்பது. ஒரே கணக்கை மூன்று வழியில் போட்டு, மூன்று வெவ்வேறு செலவு வருவதைப் பார்க்கும் அனுபவம் கணிதம் எடுத்த முதல் குரூப் மாணவருக்குக் கிடைப்பதில்லை. அவருக்கு ஒரு கணக்குக்கு ஒரே சரியான விடை. அது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

விலைக் குறியீட்டு எண்ணும் இந்தப் புத்தகத்தில்தான். பொருளியலாளர் லாஸ்பியர் 1871-இல் சொன்ன வழியில்தான் இன்றும் நம் நுகர்வோர் விலைக் குறியீடு போடப்படுகிறது. அதை வைத்துத்தான் அரசு ஊழியரின் அகவிலைப்படி கூடுகிறது. பாடம் நடத்தும் அரசுப்பள்ளி ஆசிரியரின் சம்பளமே கரும்பலகையில் நிற்கிறது. இதைவிட நல்ல உதாரணம் ஒரு வகுப்புக்கு வாய்க்காது.

முதல் குரூப் கணிதத்தை இதனால் மட்டம் தட்ட வேண்டியதில்லை. கலப்பெண்களும் கூம்பு வெட்டிகளும் வெக்டரும் இல்லாமல் பொறியியலும் இயற்பியலும் நகராது. வகைக்கெழுச் சமன்பாட்டில் பிணத்தின் வெப்பநிலையை வைத்துக் கொலை நடந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு, துப்பறியும் கதை வாசகரையும் உட்கார வைக்கும். கோளாறு கட்டும் மூட்டையில் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றைத் தொட முடியாது. இரண்டையும் விட்டவருக்கு எதுவுமே இல்லை.

அதிக நஷ்டம் பியூர் சயின்ஸ்காரர்களுக்கு. கணக்கு வேண்டாமென்று ஓடிவந்தவர்களுக்கு இயற்பியல் புத்தகம் இயக்கவியல் அலகிலேயே வகையீட்டையும் தொகையிடலையும் நீட்டுகிறது. கணக்கு வாத்தியார் வருடக்கணக்கில் நடத்துவதை இயற்பியல் வாத்தியார் ஓரிரு வகுப்பில் முடித்தாக வேண்டும். நீட் தேர்வில் 720-இல் 180 மதிப்பெண் இயற்பியல், கால்குலேட்டர் கிடையாது. தப்பித் தவறி மருத்துவம் கிடைத்தால் சமூக மருத்துவப் பாடத்தில் உயிரிப் புள்ளியியல். உளவியல் படித்தாலும் வேளாண்மை படித்தாலும் புள்ளியியல் வந்து நிற்கும். மூணாவது குரூப்பில் வணிகக் கணிதம் இல்லாத பிரிவில் படித்துவிட்டு சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதப் போகிறவருக்கு, வணிகக் கணிதமும் புள்ளியியலும் அடங்கிய நூறு மதிப்பெண் தாள் காத்திருக்கிறது, நெகட்டிவ் மார்க்கோடு.

சி.பி.எஸ்.இ. வேறு வழியில் போனது. பத்தாம் வகுப்பில் ஒரே கணக்குப் பாடத்துக்கு ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு தாள்களை 2020-இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில், நிதியும் புள்ளியியலும் சேர்த்து, அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் என்ற தனிப் பாடத்தைத் தொடங்கியது. வாரியம் காகிதத்தில் குரூப் எதையும் வகுப்பதில்லை என்பதால், பள்ளி மனது வைத்தால் உயிரியலோடும் அதை எடுக்கலாம். மனது வைக்கும் பள்ளி அபூர்வம். ஆசிரியர், கால அட்டவணை என்று காரணங்கள் எப்போதும் கைவசம் இருக்கும்.

தமிழ்நாட்டில் புதிதாகப் பாடநூல் எழுதக்கூடத் தேவையில்லை. பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தின் விவரணப் புள்ளியியல், ஒட்டுறவு அத்தியாயங்களைப் பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு பீரியட் நடத்தினால் போதும். அரசின் பாடநூல் தளத்தில் அந்தப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. விலங்கியல் படிக்கும் பெண் ஒருத்தி இன்றைக்கு அதை இறக்கிப் படிக்கத் தொடங்கினால் தடுக்க ஆளில்லை. தேர்வு வைக்கவும் ஆளில்லை.