அந்த வீட்டுக்கு ஓர் அப்பா



1974-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'குட் டைம்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. சிகாகோவின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் கதை. முதலில் போட்ட திட்டத்தில் அந்த வீட்டில் அப்பாவே கிடையாது. அம்மாவாக நடிக்கவிருந்த எஸ்தர் ரோல், கணவன் இல்லாவிட்டால் இந்த வேடமே வேண்டாம் என்று உறுதியாக நின்றார். அப்படித்தான் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற அப்பா பிறந்தார். நடித்தவர் ஜான் ஏமஸ்.

மூத்த மகனாக நடித்த ஜிம்மி வாக்கருக்கும் ஏமஸுக்கும் எட்டு வயதுகூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஏமஸ் கதவைத் திறந்து உள்ளே வந்தால் அந்தச் சின்னக் கூடமே நிறைந்துவிடும். வேலை தேடி அலைந்து களைத்த உடம்பு. வாடகைக்கு வழியில்லாத நாளிலும் தளராத முதுகு. சட்டென்று கோபம் வரும். மனைவியைப் பார்த்ததும் அதே முகம் மலர்ந்துவிடும்.

அந்த அப்பா படப்பிடிப்புத் தளத்திலும் அப்பாவாகவே இருந்தார். மகள் டாக்டராக வேண்டும், இளையவன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக வேண்டும் என்று கனவு காணும் வீட்டில், மூத்தவனின் கோமாளித்தனத்துக்கே ஏன் இவ்வளவு இடம் என்று கேட்டார். கறுப்பினக் குடும்பம் இப்படிப் பேசாது, இப்படி நடக்காது என்று எழுத்தாளர்களோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் அவரையே நீக்கினார்கள். 1976-ல் ஜேம்ஸ் எவன்ஸ் கார் விபத்தில் இறந்துபோனதாகக் கதை எழுதப்பட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் போகும்வரை கல்லாக நிற்கிறாள் மனைவி. எல்லோரும் போனபின் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள்; தரையில் ஓங்கி அடித்துக் கதறுகிறாள். அந்த வீட்டில் அவர் எவ்வளவு இடத்தை நிரப்பியிருந்தார் என்பதை அந்த ஒரு சத்தம் சொல்லிவிடும்.

நான்கே மாதத்தில், 1977 ஜனவரியில், 'ரூட்ஸ்' தொடரில் அடிமையாக வாழும் நடுவயது குண்டா கிண்டேவாக வந்தார் ஏமஸ். அந்தக் கதையைத் தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று படித்த நம் வாசகர்களுக்குக் குண்டாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மகள் பிரியாமல் தங்கட்டும் என்றே 'இருந்த இடத்தில் இரு' என்ற பொருளில் 'கிஸி' என்று பெயர் வைத்தவன். அவளையும் விற்றுவிடுகிறார்கள். ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிற அந்தத் தகப்பனாக நடித்தவருக்கு எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது.

அவரை நீக்கிய 'குட் டைம்ஸ்' தயாரிப்பாளர் நார்மன் லியருடனான மனத்தாங்கலும் காலப்போக்கில் ஆறியது. 2019-ல் லியர் அந்தத் தொடரின் ஓர் அத்தியாயத்தை மீண்டும் நேரலையாக நடத்தியபோது, ஏமஸ் சிறு வேடத்தில் வந்துபோனார். 2024 ஆகஸ்டில், 84-வது வயதில் மறைந்தார்.

ஏழை வீட்டுக் கதைகள் நம் அலுவலகத்துக்கும் வாரந்தோறும் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏமஸ் நினைவுக்கு வருகிறார். அந்த வீட்டில் காசு இல்லாமல் இருக்கலாம். அங்கே இருப்பவர்களுக்கு மரியாதை இருக்கிறதா? அவர் வேலையைப் பறிகொடுத்துக் கேட்ட கேள்வி அது. இந்த மேசையில் அதை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்